எங்கள் வீட்டு ‘நமது நிருபர்’

ராசா, உங்கள் நினைவு மலரில் போட உங்களைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லிப் படிப்பகத்துக்காரர்கள் வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஊரில் யார் செத்தாலும் நாலு வரியில் எழுதி முடித்த ஆள் நீங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என்னிடம் நாலு பக்கம் கேட்கிறார்கள். இருந்தபோதும் உங்களால் எனக்கு வேலைதான், போன பிறகும் வேலைதான்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த பக்கிரிசாமி. பஞ்சர் ஒட்டிக்கொண்டே பேட்டி எடுப்பார் என்று கேலி பேசுவீர்களே, அவர்தான். அவர் செத்த செய்தி எனக்கு வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்.

வேதாரண்யத்தில் பருவம் தப்பிப் பெய்த மழையில் உப்பளத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டு, பார்த்துவரக் காலையிலேயே கிளம்பினார். காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு. “உப்பு கரைஞ்சா கரைஞ்சுட்டுப் போவுது, நீங்க கரையாதீங்க” என்றேன். சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் வேதாரண்யம் பஸ்ஸின் கண்டக்டர் பையைக்கூடக் கழற்றாமல் வாசலில் வந்து நின்றார்.

“அம்மா, ஐயாவுக்கு வண்டியில வரும்போது நெஞ்சு வலி வந்துடுச்சாம்.”

“வந்துடுச்சாம்னா? யாரு சொன்னது?”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்களாம்மா. டாக்டரு பார்த்தாராம்.”

“தம்பி, ‘ராம்’ வேணாம். அந்த வண்டியில கண்டக்டரு நீங்கதானே. நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “என் மடியிலதாம்மா போனாரு. நான்தான் கண்ண மூடிவிட்டேன்” என்றார்.

புருஷன் செத்த செய்தியைப் போலீஸ்காரர் மாதிரி நின்று விசாரித்த பொம்பளை இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அது என் குணம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைக் கேட்டுக் கேட்டுப் பழக்கியது. வந்தாராம், போனாராம் என்று யார் பேசினாலும் அவருக்குப் பொறுக்காது. யார் சொன்னது, நீ பார்த்தியா, அவர் பார்த்தாரா என்று மூக்கு வரைக்கும் வந்து கேட்பார். கடைசியில் அந்தக் கேள்வி அவர் சாவுக்கே வந்து நின்றது.

“ஏதாவது சொன்னாரா தம்பி?” என்று கேட்டேன். என்னைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்ற ஆசைதான்.

“பையிலேருந்து கவர எடுத்துக் குடுத்து, தஞ்சாவூர் வண்டியில சேத்துடு தம்பின்னாரு. சேத்துட்டேம்மா.”

கவர் என்பது அவர் எழுதிய செய்தியை வைத்து ஒட்டிய உறை. தினமும் தஞ்சாவூர் பஸ்ஸில் கொடுத்துவிடுவார், அங்கே பத்திரிகை ஆபீஸிலிருந்து ஆள் வந்து வாங்கிக்கொள்வார்கள். சாகும்போதும் அந்தக் கவர்தான் அவருக்குக் கண்ணில் நின்றிருக்கிறது. அழுவதா அவரைத் திட்டுவதா என்று தெரியாமல் நின்றேன்.

மறுநாள் பேப்பரில் உப்பளச் செய்தி வந்தது. வழக்கம்போல் அதன் தலையில் ‘நமது நிருபர்’ என்று போட்டிருந்தார்கள். அதே பக்கத்தில் கீழே அவர் காலமான செய்தி. அத்தனை வருஷம் எழுதியும் அவர் பெயர் ஒரு நாளும் பேப்பரில் வந்ததில்லை, நமது நிருபர் மட்டும்தான். செத்த அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பெயர் வந்தது. அதிலும் வே. பக்கிரிசாமி என்று இருக்க வேண்டியது வெ. பக்கிரிசாமி என்று அச்சாகியிருந்தது. மாமனார் பெயர் வேம்பு. ஒரு நெடில் போய்விட்டது. அவர் இருந்திருந்தால் அதற்குத் திருத்தம் எழுதி அடுத்த கவரில் அனுப்பியிருப்பார்.

நிருபர் என்கிற சொல்லால் எங்களுக்கு வந்த வம்பு, கல்யாண மேடையிலேயே ஆரம்பித்தது. ஆட்சி மாறிய புதிது. படிப்பகத்தில் ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டோம். பள்ளிக்கூடத்துப் புலவர் ஐயாதான் தலைமை. அவர் மைக்கைப் பிடித்து, “மணமகன் செய்தியாளர் பக்கிரிசாமி அவர்கள்” என்று தொடங்கினார். மாப்பிள்ளை மாலையோடு எழுந்து நின்று, “நிருபருங்க” என்றார்.

“நிருபர் வடசொல். செய்தியாளர் என்பதே தமிழ்” என்றார் புலவர்.

“பேப்பர்ல நமது நிருபர்னுதானுங்க போடுறாங்க. இல்லாத பேர நீங்க எப்படிச் சொல்லலாம்?”

புலவர் விடவில்லை. கூட்டத்தைப் பார்த்து, “நிருபன் என்றால் வடமொழியில் அரசன். நம்முடைய ஆட்சி வந்த பிறகும் மணமகனுக்கு அரசனாக இருக்கத்தான் ஆசை போலும்” என்றார். கூட்டம் சிரித்தது. நம் ஆள் மைக்கையே வாங்கிக்கொண்டார். அந்த நிருபன் வேறு, இந்த நிருபர் வேறு, நிருபம் என்றால் கடிதம், அந்தக் காலத்தில் வெளியூரிலிருந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அனுப்புகிறவர்தான் நிருபர், இங்கிலீஷில் கரஸ்பாண்டென்ட் என்பதற்கும் கடிதம் எழுதுகிறவர் என்றுதான் அர்த்தம், ஆக நான் ராஜா இல்லை, கடுதாசி எழுதுகிறவன் என்று ஒரு பிரசங்கம். பந்தியில் இலை போட்டுச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. தாலியைக் கையில் வைத்துக்கொண்டு என் அண்ணன் முருகையன் நின்றுகொண்டிருந்தார்.

அண்ணன் என் காதருகே வந்து, “ஏன் அஞ்சம்மா, நிருபருன்னா நிரூபிக்கிறவரு இல்லையா?” என்று கேட்டார்.

“அப்படித்தான் நானும் நெனச்சேன்.”

“அப்படின்னுதானே பொண்ணு குடுக்கறோம்” என்றார் அண்ணன். முகமே செத்துவிட்டது.

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் தெரு பெரிய பண்ணையின் இலுப்பைத்தோப்புக்குள் இருந்தது. அங்கே என்ன நடந்தாலும், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பண்ணையில் சொல்லிவிடுவார்கள். கர்ணம் அதைத்தான் எழுதுவார். போலீஸும் அதைத்தான் எழுதும். நிரூபி என்று கேட்டால் எங்களிடம் என்ன இருக்கிறது. அதனால் நிரூபிக்கிற மாப்பிள்ளை ஒருவர் வருகிறார் என்று தெருவே சந்தோஷப்பட்டது. கடுதாசி எழுதுகிறவர் என்று தெரிந்ததும் பந்தியில் ஒரு பெரியம்மா, “போஸ்ட் ஆபீசு வேலையா” என்று கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து புலவர் ஐயா அவரைப் பார்த்தாலே “என்ன ராஜா” என்பார். கடைத்தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று எங்கள் பக்கம் இருந்ததால், எனக்கும் அது வசதியாகப் போய்விட்டது. கோபம் வந்தால் ராசா, குழைந்தால் ராசா.

கரஸ்பாண்டென்ட் என்பதாலும் ஒரு கூத்து நடந்தது. பத்திரிகைக்காரர்கள் கொடுத்த அட்டையில் இங்கிலீஷில் அப்படித்தான் போட்டிருந்தது. அதை யாரோ கடையில் பார்த்துவிட்டார்கள். இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கரஸ்பாண்டென்ட் என்றால் பள்ளிக்கூடத்துக்கே முதலாளி. வைகாசி மாதம் பிறந்ததும் நாகூரிலிருந்து மரைக்காயர் ஒருவர் கடைக்கே வந்து, பேரனுக்கு ஆறாம் வகுப்பில் இடம் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார். இவர் சைக்கிள் செயினை விட்டுவிட்டு அவருக்கும் அந்தச் சொல்லின் கதையை முதலிலிருந்து சொல்லியிருக்கிறார். மரைக்காயர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிங்க, சீட்டு உண்டா இல்லையா?” என்று கேட்டாராம். பாருங்கள், நானே ‘ராம்’ போட்டுவிட்டேன். இதை நான் பார்க்கவில்லை, அவர் சொன்னது.

வீட்டில் அவரோடு குடித்தனம் நடத்தியது பேப்பரோடு குடித்தனம் நடத்தியது மாதிரிதான். குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, “உப்பு சற்றுக் குறைவு என்று கூறப்படுகிறது” என்பார்.

“யாரு கூறுனது?”

“தகவலறிந்த வட்டாரம்.”

“அந்த வட்டாரத்தையே கூப்பிட்டு நாளைக்குக் குழம்பு வைக்கச் சொல்லுங்க” என்பேன். சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். அவரிடம் இருந்து நான் ஒரு நாளும் நன்றாக இருக்கிறது, மோசமாக இருக்கிறது என்று நேராக ஒரு சொல் வாங்கியதில்லை. ஒரு புடவை எடுத்துக் கட்டிக்கொண்டு நின்றால், “பச்சை” என்பார். அது எனக்கும் தெரியும்.

“நான் நெனைக்கிறத எழுதுனா அது தலையங்கம். அதுக்கு வேற ஆளு இருக்காங்க” என்பது அவர் அடிக்கடி சொல்வது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். இதற்காகத்தான் எழுதவே ஒப்புக்கொண்டேன்.

கல்யாணமான மறுவருஷம் ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு இலுப்பைத்தோப்புக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் அண்ணன் வீட்டில் அடுப்பு மூழ்கிவிட்டது. எல்லோரும் பண்ணைக் களத்து மேட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பண்ணையில் பெரிய அண்டா வைத்துக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். உடனே பண்ணையின் காரியக்காரர் வில்வண்டியில் சைக்கிள் கடைக்கு வந்துவிட்டார்.

“எங்க ஐயா கஞ்சி ஊத்துறாங்க. பேப்பர்ல வரணும்” என்றார்.

இவரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. “பண்ணை தன் வயலு பக்கம் கரையை ஒசத்திக் கட்டுனதாலதானே தண்ணி தோப்புக்குள்ள வந்துச்சு. அத எழுதுனீங்களா?” என்று கேட்டேன்.

“ஒசத்திக் கட்டுனத நீ பார்த்தியா?”

“ஊரே சொல்லுது.”

“ஊரு சொல்றத விசாரிக்கணும். கஞ்சி ஊத்துனத நான் கண்ணால பார்த்தேன். பார்த்தத எழுதுனேன்.”

“நல்லாப் பார்த்தீங்க” என்று சொல்லிவிட்டு அன்றைக்கு அவருக்கும் கஞ்சிதான் ஊற்றினேன். அதையும் குடித்தார்.

அது பேப்பரில் வந்தது. எங்கள் தெருப் பெயர் பேப்பரில் வந்தது அதுதான் முதல் தடவை, அதுவும் பண்ணை புகழோடு. பண்ணை ஐயாவுக்கு ரொம்பச் சந்தோஷம். அந்தத் துண்டை வெட்டி, கண்ணாடி போட்டு, கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். மார்கழியில் நெல் அவிக்கப் போன எங்கள் தெருப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு வந்து, “ஒன் வீட்டுக்காரரு எழுதுனத பூப்போட்டு வெச்சிருக்காங்கடி” என்று என்னிடம் சொன்னார்கள். எனக்கு மானமே போய்விட்டது.

பிறகு, குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சட்டம் வந்தது. தாசில்தார் நேரில் வந்து விசாரிப்பார், யார் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பட்டா கொடுப்பார் என்று பேச்சு. எங்கள் அண்ணன் அந்த ஒரு துண்டு மண்ணைத் தவிர வேறு எதையும் கேட்டவர் இல்லை. அதில் ஒரு முருங்கை நட வேண்டும் என்பார். பண்ணை மண்ணில் மரம் நடக் கூடாது, நட்டால் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

விசாரணைக்கு முன்பே பண்ணை ஆட்கள் வந்து கூரைகளைப் பிரித்துப் போட்டார்கள். தடுக்கப் போன அண்ணனுக்கு முன்கை ஒடிந்தது. செய்தி கேட்டு நான் ஓடிய கொஞ்ச நேரத்தில் இவரும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். வந்தவர் அண்ணனிடம் போகவில்லை. முதலில் அங்கே நின்ற ஒவ்வொருவரிடமும், நீ என்ன பார்த்தாய், எங்கே நின்று பார்த்தாய் என்று கேட்டு முடித்தார். அதற்குப் பிறகுதான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள, எம் பேரப் போடுங்க. கை ஒடைஞ்சதப் போடுங்க. யாரு ஒடைச்சதுன்னும் போடுங்க” என்றார் அண்ணன்.

“மச்சான், நான் போட்டா மச்சானுக்காக மாப்ள எழுதிட்டான்னு பண்ணை சொல்லும். அப்புறம் நான் இதுவரைக்கும் எழுதுன எதுவும் நிக்காது.”

“நிக்காட்டிப் போகட்டுமே” என்று நான் கத்தினேன்.

பேப்பரில் வந்தது இவ்வளவுதான்: இலுப்பைத்தோப்பில் தகராறு. குடிசைகளின் கூரைகள் பிரிக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. ஒருவர் காயம்.

“கூறப்படுதா?” என்று அவர் முன்னால் பேப்பரைப் போட்டேன். “எங்க அண்ணி பனியில கெடக்குறாங்க. அது கூறப்படுதா?”

“பிரிச்சத நான் பார்க்கல அஞ்சம்மா. பிரிஞ்சு கெடந்ததத்தான் பார்த்தேன்.”

இந்த ஆளோடு இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று புடவையைச் சுருட்டிக்கொண்டு அண்ணன் இருந்த மரத்தடிக்குப் போய்விட்டேன். விசாரணை முடிகிற வரைக்கும் அங்கேதான் இருந்தேன். தினமும் கடை அடைத்ததும் சைக்கிளில் வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

விசாரணை பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் நடந்தது. அதிகாரி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பண்ணை ஐயா வரவில்லை, வக்கீலும் காரியக்காரரும் வந்திருந்தார்கள். வக்கீல் எழுந்து, தோப்பில் யாரும் குடியிருக்கவில்லை, அறுவடைக்கு வருகிற ஆட்கள் தங்கக் கொட்டகை போட்டிருந்தார்கள், அது பழசாகிவிட்டதால் பிரித்தோம் என்றார். கர்ணத்தின் கணக்கிலும் தோப்பு என்றுதான் இருந்தது, வீடு என்று ஒரு சொல் இல்லை.

அதிகாரி எங்களைப் பார்த்து, “நீங்க அங்க குடியிருந்தீங்கன்னு நிரூபிக்க யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டார்.

பேசுவதில்லை என்று இருந்த நான் எழுந்துவிட்டேன். “எங்க வீட்டுக்காரரு நிருபருங்க. அவரு நிரூபிப்பாரு” என்றேன்.

தாழ்வாரம் முழுக்கச் சிரித்தது. குமாஸ்தா கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரிந்தாலும், சொன்னது சொன்னதுதான் என்று நின்றேன். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. யார் நிருபர் என்று கேட்டார். கடைசியில் தூணோரம் நின்றிருந்தவர் முன்னால் வந்தார்.

“நீங்க சொல்லுங்க. இவங்க அங்க குடியிருந்தாங்களா?”

“ஐயா, முருகையன் எனக்கு மச்சான். நான் சொந்தக்காரன். என் சாட்சியை எடுத்துக்காதீங்க” என்றார்.

அந்த இடத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. அண்ணன் ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். வக்கீல் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

இதோடு விட்டிருந்தால் அவர்கள் ஜெயித்திருப்பார்கள். காரியக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஜனம் நன்றி கெட்டது என்று அதிகாரிக்குக் காட்ட வேண்டும் என்றே துணியில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். அந்தக் கண்ணாடிப் படம். அதன் மேலே பூவும் சந்தனமும் வைத்த கறைகூட அப்படியே இருந்தது.

“பாருங்க ஐயா. இதுங்களுக்கு எங்க ஐயா என்ன கொறை வெச்சாங்க. பேப்பர்லேயே வந்திருக்கு. இந்த நிருபரே எழுதுனதுதான்.”

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாய்விட்டு வாசித்தார். “பெரிய பண்ணை மிராசுதாரர், தமது இலுப்பைத்தோப்பில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்து, துணிமணி வழங்கினார்.”

வாசித்துவிட்டு நிறுத்தினார். திரும்பவும் ஒரு சொல்லை மட்டும் வாசித்தார். “குடியிருக்கும்.”

காரியக்காரர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் அந்தப் படத்தைப் பார்த்தார்.

“இது எங்க இருந்துச்சு?” என்றார் அதிகாரி.

“ஐயா வீட்டுக் கூடத்துலங்க” என்றார் காரியக்காரர். குரல் பாதி இறங்கிவிட்டது.

“அப்ப இதுல உள்ளது சரின்னு உங்க ஐயாவே ஒத்துக்கிட்டுத்தான் மாட்டியிருக்காரு.”

அப்போதாவது நம் ஆள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் இல்லையா. இல்லை. கையைத் தூக்கினார். “ஐயா, அதுல ஒரு பிழை இருக்குங்க” என்றார்.

நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் எரிந்திருக்க வேண்டும். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்ன பிழை?”

“கஞ்சி வார்த்தது உண்மைங்க. துணிமணி குடுக்கல. அது ஆபீஸ்ல யாரோ சேர்த்தது.”

அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். “குடியிருக்கும்ங்கறதுல பிழை இருக்கா?”

“இல்லீங்க” என்றார் அவர். அதற்கு ‘என்று கூறப்படுகிறது’ சேர்க்கவில்லை.

பட்டா கைக்கு வருவது அதற்குப் பிறகும் இழுத்தது, வாய்தா வாய்தாவாக நடந்தார்கள். ஆனால் அன்றைக்கே முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அண்ணன் அன்று சாயங்காலமே ஒரு முருங்கைக் கொம்பை வெட்டி வந்து நட்டார். இடக்கையால்தான் நட்டார். இவரும் பக்கத்தில் நின்று மண்ணை மிதித்தார். தெருப் பெரியம்மா வந்து, “நிரூபிச்சிட்டீங்களே தம்பி” என்றது. இவர் அதற்கும், நிருபம் என்றால் கடிதம் என்று ஆரம்பித்தார். “யாருக்கு எழுதுனா என்ன தம்பி, போயிச் சேந்துடுச்சுல்ல” என்று பெரியம்மா சொன்னதும்தான் நிறுத்தினார்.

நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வரும்போதே கேட்டேன். “அந்தச் சொல்ல நீங்க தெரிஞ்சுதான் போட்டீங்களா?”

“எந்தச் சொல்ல?”

“எதுன்னு தெரியாதா? குடியிருக்கும்.”

“வரி நிரம்பணும்ல” என்றார்.

அன்றிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒரு நாள், சொல் தானாக வந்து விழுந்தது என்பார். ஒரு நாள், குடியிருக்கிறவர்களைக் குடியிருக்கிறவர்கள் என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவது என்பார். புலவர் ஐயா வந்து கேட்டபோது, “நிருபர் திட்டமிட்டே எழுதியதாகக் கூறப்படுகிறது” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பை வைத்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது.

நானும் சும்மா இருக்கவில்லை. கடை மாடத்தில் கிடந்த பழைய பேப்பர்க் கட்டுகளை இறக்கி, எழுத்துக் கூட்டிக் கூட்டி அவர் செய்திகளை எல்லாம் வாசித்தேன். எங்கேயும் மனிதர்கள் வசிக்கிறார்கள், அல்லது வசித்து வருகிறார்கள். தரங்கம்பாடி மீனவர்கள் வசித்தார்கள். வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளர்கள் வசித்தார்கள். இலுப்பைத்தோப்பில் மட்டும்தான் குடியிருந்தார்கள். சட்டம் அப்போது வரவில்லை. ஆனால் குடியிருப்பு, குடியிருப்பு என்று விவசாயிகள் கூட்டங்களில் பேசத் தொடங்கியிருந்தார்கள், அந்தக் கூட்டங்களுக்கெல்லாம் இவர் போய்க் கடைசி வரிசையில் நின்று எழுதிக்கொண்டு வந்தவர். அதுவும் எனக்குத் தெரியும். இதைச் சொல்லிக் கேட்டபோது பேப்பர்க் கட்டை வாங்கித் திரும்ப மாடத்தில் வைத்துவிட்டு, “குழம்பு கொதிக்குது போலருக்கு” என்றார்.

தெரிந்து போட்டிருந்தால், கஞ்சி ஊற்றியதற்காக நான் வைத வசவுகளை ஏன் வாங்கிக்கொண்டார்? மரத்தடியில் நான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. தெரியாமல் போட்டிருந்தால், அதிகாரி வாசித்தபோது அவர் ஏன் என்னைப் பார்த்தார்? அந்த ஒரு நொடிதான் பார்த்தார். பிறகு வழக்கம்போல் பிழை சொல்லக் கையைத் தூக்கிவிட்டார்.

புலவர் ஐயாவுக்கு அவர் ராஜா. அவருக்கு அவர் கடுதாசி எழுதுகிறவர். எங்கள் தெருவுக்கு அவர் நிரூபித்தவர், அதை இனி யாரும் மாற்ற முடியாது. நீங்கள் மலரில் செய்தியாளர் என்றுதான் போடப்போகிறீர்கள், போட்டுக்கொள்ளுங்கள். வே மட்டும் நெடிலாக இருக்கட்டும்.

என்னிடம் அவர் வைத்துவிட்டுப் போனது ஒரே ஒரு கேள்விதான். இப்போது நான் பார்த்துக்கொள்கிற சைக்கிள் கடைக்கு யார் வந்து, அவர் இப்படிச் செய்தாராம், இவர் இப்படிச் சொன்னாராம் என்று ஆரம்பித்தாலும், யார் பார்த்தது என்று கேட்டுவிடுகிறேன். அதனால் என்னிடம் வந்து பேசுகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். அவரோடு இருந்த காலத்தில் அவருக்கும் அப்படித்தான் இருந்தது. இதில் எழுதியிருப்பது எல்லாம் நான் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. மரைக்காயர் கதை, பஸ்ஸில் அவர் உயிர் போனது, பண்ணைக் கூடத்தில் படம் மாட்டியது, கூரை பிரித்தது, இவை மட்டும் பிறர் சொன்னது. ஒன்றை மட்டும் எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. தெரிந்து போட்டதாகக் கூறப்படுகிறது என்று எழுத என் கை வரவில்லை. வரி நிரப்பப் போட்டது என்று எழுதவும் மனசு வரவில்லை.

இனிமேல் நான் வைய மாட்டேன், பிழை சொல்லக் கையைத் தூக்கினாலும் பார்த்துக்கொண்டு இருப்பேன். குழம்பையும் இறக்கி வைத்துவிட்டேன். சொல்லுங்கள் ராசா, அந்த ஒரு சொல்லை நீங்கள் தெரிந்துதானே போட்டீர்கள்?